பருவம் தொடங்கும் முன்: நெடுந்தூர வேட்டை றைபிளும் கையால் நிரப்பும் ரவைகளும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான், எல்க் வேட்டைக்கான பொதுப் பருவம் ஒக்டோபர் மாதக் கடைசியில் தொடங்குகிறது. ஐந்து வாரங்கள் நீடித்து, நன்றி தெரிவித்தல் நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். எல்க் என்பது எங்கள் மரையை விடப் பெரிய மான் இனம். ஆண் விலங்கு 300 கிலோவைத் தாண்டும். ஐந்து வாரமும் மலையில் அலைந்து, ஒரேயொரு தடவைகூடச் சுடாமல் வீடு திரும்புவோர் பலர். ஆனால் அந்த ஒரு தடவைக்கான வேலை ஜூன், ஜூலை மாதங்களிலேயே வீட்டின் வாகனத் தரிப்பிடத்தில், ஒரு மேசையும் சிறு தராசும் வைத்துத் தொடங்கிவிடுகிறது.

யூடியூபில் இப்போது நெடுந்தூர வேட்டைக் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மலைச்சரிவின் மறுபக்கத்தில், 800 மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கு ஒரே வெடியில் விழுகிறது. பார்ப்பவருக்கு அது கருவியின் வல்லமையாகத் தெரியும். விலை உயர்ந்த றைபிளும் நல்ல ஸ்கோப்பும் வாங்கினால் போதும் என்ற எண்ணம் வரும். வெடிக்கு முந்தைய மாதங்களையும், குறி தப்பிய வெடிகளையும் காணொளியில் காட்டுவதில்லை. அந்த மாதங்களில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள். போர்க்காலத்தில் வளர்ந்த எங்களுக்கு இவை புதியன அல்ல. வெற்றுக்கோது பொறுக்கி விளையாடிய பிள்ளைகள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். ஆனாலும் பேச்சில் எல்லாவற்றையும் கலந்துதான் சொல்லுவோம். ரவை என்பது முழுப்பொருள். அதில் நான்கு பகுதிகள் உண்டு: பித்தளைக் கோது, கோதின் அடியில் பதிந்திருக்கும் பிறைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் சன்னம். சுடும்போது பறந்து செல்வது சன்னம் மட்டுமே. கோது திரும்பக் கிடைக்கும், அதை மீண்டும் நிரப்பலாம். கையால் ரவை நிரப்புவது என்ற பழக்கம் முழுவதும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கிறது.

தூரம் ஏன் சிக்கலாகிறது?

ஒரு கணக்கு பார்க்கலாம். இன்று அமெரிக்க வேட்டைக்காரரிடையே மிகப் பரவலாக உள்ள ரவைகளில் ஒன்று, ஹோர்னடி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மூர். அதில் ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ள ஒரு சன்னம் விநாடிக்கு 820 மீற்றர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 மீற்றர் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.7 விநாடி ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதனை இரண்டு மீற்றருக்கு மேல் கீழே இழுத்துவிடும். 100 மீற்றருக்குக் குறி சரிசெய்யப்பட்ட றைபிளில், இலக்கை விட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீற்றர் மேலே குறிவைத்தால்தான் சன்னம் போய்ச் சேரும்.

இந்தச் சரிவை முன்கூட்டிக் கணித்துவிடலாம், ஸ்கோப்பில் திருகியும் விடலாம். தூரத்தைப் பிழையாக மதிப்பிட்டால் வரும் சேதத்தைத்தான் கவனிக்க வேண்டும். 200 மீற்றரில் நிற்கும் விலங்கை 220 என்று எண்ணினால் சன்னம் நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கே விலகும். விலங்குக்கும் வேட்டைக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே 20 மீற்றர் பிழை 500 மீற்றரில் 20 சென்ரிமீற்றர். 700 மீற்றரில் 30 சென்ரிமீற்றருக்கு மேல். ஒரு மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி 20 முதல் 25 சென்ரிமீற்றர் அகலமே உள்ளது. லேசர் தூரமானி பரவலான பிறகு இந்தப் பிழை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

காற்றுக்கு அப்படியொரு கருவி இல்லை. பக்கவாட்டில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, மேலே சொன்ன சன்னத்தை 200 மீற்றரில் ஆறு சென்ரிமீற்றரும், 500 மீற்றரில் 40 சென்ரிமீற்றரும், 700 மீற்றரில் 80 சென்ரிமீற்றரும் தள்ளும். கையில் பிடிக்கும் காற்றுமானி, சுடுபவர் நிற்கும் இடத்துக் காற்றை மட்டும் அளக்கும். இடையில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் அங்கே காற்று எதிர்த்திசையில்கூட வீசலாம். புல் சாய்வதையும் கானல் அலை ஓடும் திசையையும் பார்த்து ஊகிப்பதே வழி.

இன்னொன்றும் உண்டு. மேய்ந்துகொண்டிருக்கும் எல்க் சாதாரண நடையில் 0.7 விநாடிக்குள் ஒரு மீற்றர் நகர்ந்துவிடும். விசைவில்லை இழுத்த பிறகு அது ஓர் அடி எடுத்து வைத்தால், நெஞ்சுக்கு அனுப்பிய சன்னம் வயிற்றில் பாயும். வயிற்றில் பட்ட விலங்கு விழாது, ஓடும். மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் கிடந்து சாகும். வன்னியிலும் கிழக்கிலும் காட்டோரக் கிராமங்களில் துவக்குக் காயம் சீழ்பிடித்து அலையும் யானையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பயிரைக் காக்கச் சுடும் விவசாயியின் நெருக்கடி வேறு. பொழுதுபோக்காகவும் இறைச்சிக்காகவும் செல்பவருக்கு அந்தச் சாட்டும் கிடையாது. எனவே பருவத்துக்கு முந்தைய தயாரிப்பு முழுவதையும் ஒரே கேள்வியை வைத்து அளக்கலாம்: எந்தத் தூரத்துக்கு அப்பால் நான் சுடக்கூடாது?

றைபிள்

றைபிளில் செய்யவேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள். ரவை அறை வெறுமையாக உள்ளதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பின்னரே மற்றெல்லாம். அடுத்தது திருகாணிகள். குழலையும் பொறியையும் தோளில் அணைக்கும் கட்டையோடு பிணைக்கும் திருகாணிகள், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகாணிகள் ஆகியவற்றை முறுக்குவிசை காட்டும் திருப்புளியால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். கையுணர்வில் இறுக்கினால் சில தளரும், சில ஸ்கோப்பின் குழாயை நசுக்கும். "றைபிள் திடீரெனக் கெட்டுவிட்டது" என்று புலம்புகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் விடை, திருகாணியைப் பார் என்பதுதான்.

ஸ்கோப்பையும் சந்தேகிக்க வேண்டும். நெடுந்தூரத்துக்குச் சுடுபவர் ஒவ்வொரு தூரத்துக்கும் அதன் குமிழைத் திருகுகிறார். பத்து அலகு மேலே திருகினால் குறி உண்மையில் பத்து அலகு நகர்கிறதா, திரும்பக் கீழே கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே வருகிறதா? ஓர் உயரமான தாளில் நிலைக்குத்துக் கோடு வரைந்து, 100 மீற்றரில் வைத்துச் சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. பலர் செய்வதில்லை.

குழலைத் துப்புரவாக்குவதில் இரண்டு கட்சிகள் உண்டு. பருவத்துக்கு முன் பளபளவென்று தேய்த்து எண்ணெய் பூசி வைப்பது ஒரு கட்சி. ஆனால் எண்ணெய் பூசிய குழலில் முதல் சன்னம் வேறிடத்தில் போய் விழலாம். எனவே துப்புரவாக்கிய பின் சில வெடிகள் சுட்டு, குழலில் மெல்லிய செப்புப் படிவு ஏற்பட்ட நிலையிலேயே மலைக்குக் கொண்டுபோவது மற்றக் கட்சி. வேட்டையில் எண்ணப்படுவது முதல் வெடி, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து வரும் வெடி. சுடுதளத்தில் பத்து வெடி சுட்டு, குழல் சூடேறிய பின் கிடைக்கும் அழகான குவியலுக்கு மலையில் பெறுமதியில்லை. இரண்டாவது கட்சியின் நியாயம் எனக்கு வலுவாகத் தெரிகிறது.

ரவை நிரப்பும் மேசை

கடையில் ரவை கிடைக்கும்போது ஏன் கையால் நிரப்ப வேண்டும்? செலவு குறையும் என்பார்கள். ஆனால் உபகரணங்களின் விலையைக் கூட்டினால் அந்தக் கணக்குப் பெரும்பாலும் பொய்த்துவிடும். கொரோனாக் காலத்தில் ரவைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிறைமரும் சேர்ந்தே காணாமற்போனது, ஆகவே அந்தப் பாதுகாப்பும் அரைகுறைதான். உண்மையான காரணம் ஒருசீர்மை. ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் இடையில் வேகம் விநாடிக்கு 15 மீற்றர் மாறினால், 500 மீற்றரில் சன்னம் எட்டு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறியோ இறங்கியோ விழும். காற்று, தூரம், கை நடுக்கம் ஆகியவற்றின் பிழைகளோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. பொறுமையாக நிரப்புபவர் இந்த ஒன்றை மட்டுமாவது கட்டுப்படுத்தலாம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒருவர் தன் சொந்தப் பாவனைக்கு ரவை நிரப்ப அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்பதற்கு உற்பத்தி செய்தால்தான் தேவை. இலங்கையில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கே துவக்குகள் 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் உட்பட்டவை. மேசையில் தராசு வைத்து மருந்து நிறுப்பது இங்கே பொழுதுபோக்கு ஆகாது, வழக்கு ஆகும்.

வேலை கோதிலிருந்து தொடங்குகிறது. சுட்ட கோது ரவை அறையின் அளவுக்கு விரிந்திருக்கும். அதை அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்குச் சுருக்க வேண்டும், பழைய பிறைமரைத் தட்டி அகற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் பித்தளை கழுத்துப் பக்கமாகச் சற்று நீளும். நீண்டதை வெட்டி, விளிம்பைச் சீவ வேண்டும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்ற வளையக்கோடு தெரிந்தால் அந்தக் கோது உள்ளே மெலிந்துவிட்டது என்று பொருள். அது குப்பைக்கு.

கழுத்துப் பகுதி மீண்டும் மீண்டும் விரிந்து சுருங்குவதால் இறுகி, கடைசியில் வெடிக்கும். அதைத் தடுக்கக் கழுத்தை மட்டும் சில விநாடிகள் தீயில் காட்டி இளக்குவார்கள். பித்தளையின் இந்த நோய்க்கு எங்கள் பிராந்தியத்தோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. பிரித்தானிய இந்திய இராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த ரவைகளின் கோதுகள் சுடாமலே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்று, உற்பத்தியின்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை ஆகிய மூன்றும் சேர்ந்த வினை அது என்பது 1920களின் தொடக்கத்தில் விளங்கியது. வெப்பத்தால் அந்த இழுவிசையைத் தளர்த்துவதே மருந்தாயிற்று. இன்றும் அமோனியா கலந்த மெருகுத் திரவங்களால் கோதுகளைத் துலக்க வேண்டாம் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன.

அடுத்தது வெடிமருந்து. இங்கே நிறை 'கிரெயின்' என்ற பழைய அலகில் சொல்லப்படுகிறது. 7,000 கிரெயின் ஓர் இறாத்தல். ஒரு கிரெயினின் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது ஆறேழு மில்லிகிராம் வரை நிறுப்பார்கள். நகைக்கடைத் தராசின் உலகம் இது. எவ்வளவு இடுவது என்பதை வெளியீட்டாளர்கள் பரிசோதனைக்கூடத்தில் அளந்து தயாரித்த கையேடு சொல்லும். உச்ச அளவை முதலிலேயே இடக்கூடாது. கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறு சிறு படிகளாக ஏறி, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்க்க வேண்டும். பிறைமர் தட்டையாகிவிட்டதா, போல்ட்டைத் தூக்கக் கை இறுகுகிறதா? அப்படியானால் அழுத்தம் மிகுந்துவிட்டது, அங்கேயே நிறுத்த வேண்டும். 6.5 கிரீட்மூருக்கு அமெரிக்கத் தொழிற்துறை அமைப்பான 'சாமி' விதித்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 4,000 மடங்குக்கு மேல், கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

இந்த மேசையில் நேரும் விபத்துகளில் மோசமானவை கவனக்குறைவால் வருபவை. தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று மிக வேகமாக எரியும். டப்பா மாறினால் றைபிள் கையிலேயே சிதறும். அதனால்தான் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா என்ற விதி. வானொலி வேண்டாம், கைபேசி வேண்டாம், பேச்சுத்துணையும் வேண்டாம் என்பார்கள். நண்பர் நிரப்பித் தந்த ரவையை வாங்கிச் சுடுவதும் கூடாது, அவர் எவ்வளவு நெருங்கியவராயினும்.

பலர் தவறவிடும் விடயம் வெப்பநிலை. ஓகஸ்ட் மாத வெயிலில், 35 பாகையில் நிரப்பிச் சோதித்த ரவை நவம்பரில், உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே வேறு வேகத்தில் போகும். குளிரில் மருந்து மெதுவாக எரிகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, சன்னத்தை அதிகம் தடுக்கும். மறுபுறம், 2,500 மீற்றர் உயர மலையில் காற்று மெலிந்து தடை குறையும். வெப்பநிலையால் அதிகம் பாதிக்கப்படாத மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. அமெரிக்கச் சந்தையில் இதற்காகப் பெயர்பெற்ற ஹொட்ஜ்டன் நிறுவனத்தின் 'எக்ஸ்ட்ரீம்' வரிசை, அவுஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி வந்தது. எதுவாயினும் வேகமானியை வைத்து வெயிலிலும் குளிரிலும் அளந்து குறித்துக்கொள்வதே நம்பகமானது.

சன்னமும் ஈயமும்

வேட்டைச் சன்னம் உடலுக்குள் புகுந்ததும் முனை மலர்ந்து விரிய வேண்டும். விரிந்தால்தான் நுரையீரல் உடனடியாகச் செயலிழக்கும். விரிவதற்குக் குறைந்தபட்ச வேகம் தேவை. ஈயம் நிரப்பிய சன்னங்கள் பலவற்றுக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 550 மீற்றர், முழுச் செம்புச் சன்னங்களுக்குப் பெரும்பாலும் அதைவிடக் கூட. நாம் எடுத்த உதாரணத்தில் 500 மீற்றரில் வேகம் 600 அளவில் இருக்கும். 600 மீற்றரைத் தாண்டியதும் 550க்குக் கீழே இறங்கிவிடும். அதற்கப்பால் சன்னம் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகலாம். தாளில் துளை விழுகிறது என்பதற்காக விலங்கைச் சுட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஈயச் சன்னத்தின் துகள்கள் விலங்கின் குடலிலும் தசையிலும் சிதறிக் கிடக்கும். வேட்டைக்காரர் விட்டுச்செல்லும் குடலை உண்ணும் பறவைகள் ஈய நஞ்சேறிச் சாகின்றன. கலிபோர்னியா கொண்டோர் கழுகுகள் 1982இல் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. இனப்பெருக்கத் திட்டத்தால் மீண்ட பின்னரும் அவற்றைக் கொல்லும் முதன்மைக் காரணிகளில் ஒன்று ஈயமே. கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதலாம் திகதி தொடக்கம் வேட்டையில் ஈய ரவைகளை முற்றாகத் தடைசெய்தது. அரிசோனா தடை விதிக்காமல், கொண்டோர் வாழும் பகுதிக்குச் செல்லும் வேட்டைக்காரருக்கு 2005 முதல் ஈயமற்ற ரவைகளை இலவசமாக வழங்கிவந்தது. கையால் நிரப்புபவர்களுக்குச் செம்புக்கு மாறுவது, வேலையை ஆரம்பத்திலிருந்து திரும்பச் செய்வதாகும். அதனாலேயே முணுமுணுப்பு அதிகம். ஆனால் அந்த இறைச்சியைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்பதை எண்ணினால், முணுமுணுப்புக்கு இடம் குறைவு.

எல்லையை யார் போடுவது?

பூன் அன்ட் குரொக்கெட் கழகம் 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய வேட்டைக்காரர் அமைப்பு. விலங்குக்குத் தப்பும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற வேட்டை அறத்தை வலியுறுத்தி வருவது. நெடுந்தூரம் என்பதற்கு மீற்றர் கணக்கில் ஓர் எண்ணை அது நிர்ணயிக்கவில்லை. விலங்கு மனிதரை மோப்பத்தாலும் கண்ணாலும் உணர வாய்ப்பேயில்லாத தூரத்திலிருந்து, கருவியைச் சோதிப்பதற்காகச் சுடுவதை வேட்டையாக அது ஏற்பதில்லை. ஐடஹோ மாநிலச் சட்டம் வேறு வழியில் வருகிறது: பெருவிலங்கு வேட்டைக்கு 16 இறாத்தலுக்கு, அதாவது ஏழே கால் கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள துவக்கைக் கொண்டுபோக முடியாது. மிக நீண்ட தூரத்துக்கென்று கட்டப்படும் பாரமான பொறிகள் இதனால் தானாகவே விலகிவிடுகின்றன.

மீதியைச் சுடுபவரே தீர்மானிக்க வேண்டும். அதற்கான பயிற்சியைச் சுடுதள மேசையில் மணல்மூட்டை வைத்துச் செய்து பயனில்லை. மலையில் மேசை இல்லை. முதுகுப்பையில் சாய்த்து, சரிவில் படுத்து, ஏறி வந்த மூச்சு அடங்காத நிலையில் சுட்டுப் பார்க்க வேண்டும். மானின் நெஞ்சளவுக்கு 20 சென்ரிமீற்றர் இரும்புத் தட்டு ஒன்று. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு காற்றில், ஒவ்வொரு நாளும் குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் வெடியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். பத்து நாளில் பத்து முதல் வெடியும் தட்டில் படும் மிகக் கூடிய தூரம் எதுவோ, அது அவரது எல்லை. ஓராயிரம் மீற்றருக்கென்று றைபிள் கட்டிய பலருக்கு இந்தச் சோதனையில் 350 வருகிறது, 400 வருகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் போகாதவரை.

கடைசி வாரத்தில் மிஞ்சுவன சில்லறை வேலைகள். வேட்டைக்கென்று ஒதுக்கிய ஒவ்வொரு ரவையும் ரவை அறைக்குள் தடையின்றிப் போய்வருகிறதா என்று, பாதுகாப்பான இடத்தில், குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டிப் பார்ப்பது. குழல்வாயில் மழையும் பனியும் புகாமல் மின்நாடா ஒட்டுவது. ஒவ்வொரு தூரத்துக்கும் எத்தனை அலகு திருக வேண்டும் என்ற சிறு அட்டவணையைக் கட்டையில் ஒட்டுவது. இதில் சுடுபவரின் எல்லைக்கு மேற்பட்ட தூரங்களை எழுதாமலே விட்டுவிடுவது நல்ல பழக்கம். முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும், வண்டியின் குலுக்கலில் ஸ்கோப் நகர்ந்துவிடவில்லை என்பதை உறுதிசெய்ய, அனுமதியுள்ள இடத்தில் தாளில் ஒரு வெடி. அது விலகியிருந்தால் மறுநாள் விடியற்காலைப் பயணத்தைத் தள்ளிவைத்து, மீண்டும் திருகாணியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.